பதினோரு அடுக்கு

அம்சவேணி காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவள் கணவன் வேல்முருகன் சொல்வான். அவன் சொன்னதில் மிகை கொஞ்சம்தான். செவிலிமேட்டு மாடி வீட்டில் குழம்பு கொதித்து இறங்குவதற்குள் நாலு தடவை வாசலுக்குப் போய் வந்துவிடுவாள். டவுன் பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடிதான் வருவாள். உட்கார்ந்தால் யோசனை ஓடாது என்பது அவள் கட்சி. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தது, பாருங்கள், காத்திருக்கிற வேலை. ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, எட்டு வருஷம்.

வாலாஜாபாத் பக்கம் பயிர்வைக்கும் குடும்பம் அவளுடையது. எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, 1989-ல் காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தாள். அந்தப் பதவியின் லட்சணம் இதுதான்: ஆய்வகத்தில் கருவிகளை எடுத்து வைக்கலாம், மாணவிகள் உடைத்ததற்குத் திட்டு வாங்கலாம், வகுப்பு மட்டும் எடுக்கக் கூடாது. கரும்பலகைக்கு முன்னால் நிற்க முனைவர் பட்டம் வேண்டும் என்று நிர்வாகம் கையை விரித்துவிட்டது. அம்சவேணிக்கு ரோஷம் வந்தது. 1995 ஜூலையில் பகுதி நேர ஆராய்ச்சிக்குப் பதிந்துகொண்டாள். எட்டு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் பதிவு தானாக ரத்து. அதாவது 2003 ஜூன் முப்பது கடைசி நாள்.

வழிகாட்டியாகக் கிடைத்தவர் பேராசிரியர் பாஷ்யம். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், வேலை சென்னையில். தினமும் ரயிலில் போய் வருகிறவர், ஞாயிற்றுக்கிழமைதான் ஆள் அகப்படுவார். முதல் ஞாயிற்றுக்கிழமையே அவளைப் பார்த்ததும் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

“உன் காலேஜ்ல என்ன கருவி இருக்கு?”

“ஒண்ணும் இல்ல சார். ஸ்பெக்ட்ரோமீட்டர் ரெண்டு இருக்குது, அதுல ஒண்ணு ஆடுது.”

“அப்போ கம்ப்யூட்டர்லயே பண்ணக்கூடியதா ஒண்ணு எடுத்துக்கோ. சொன்ன பேச்சுக் கேட்கிற அணுவெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு.”

அவர் கொடுத்த விஷயம் சிலிக்கான். கம்ப்யூட்டர் சில்லுக்குள் இருக்கிற அதே சரக்கு. ஒரே சிலிக்கான்தான், ஆனால் அணுக்களில் எடை கூடுதல் குறைச்சல் உண்டு. பெரும்பாலானவை 28 எடை, கொஞ்சம் 29, இன்னும் கொஞ்சம் 30. மற்ற குணத்தில் வித்தியாசம் தெரியாது, எடையில் மட்டும்தான். அந்த எடை வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற ஆள் வெப்பம்.

படிகத்துக்குள் வெப்பம் போவதென்றால் அணுக்களின் நடுக்கம் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தொற்றிக்கொண்டே போவது. எல்லா அணுவும் ஒரே எடையாக இருந்தால் நடுக்கம் தடங்கலில்லாமல் ஓடும். நடுவில் கனத்த அணு ஒன்று வந்தால் கொஞ்சம் சிதறும். சரி, 28-ஐயும் 30-ஐயும் கண்டபடி கலக்காமல், மெல்லிய அடுக்காக ஒன்று மாற்றி ஒன்று வைத்தால்? அடுக்கும் அடுக்கும் சேருகிற இடத்தில் நடுக்கத்தில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். எந்தத் தடிமனில் அடுக்கினால் எவ்வளவு வெப்பம் போகும் என்பதுதான் அம்சவேணியின் கேள்வி. சில்லு சூடேறி நிற்கிற காலத்தில் இது நல்ல கேள்வி. அவளுக்கும் அது பிடித்துப்போயிற்று, வெறும் பட்டத்துக்காக மட்டுமில்லை.

இதற்காகவே வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதற்குள் சில ஆயிரம் அணுக்களுக்குமேல் கொள்ளாது. சின்னத் துண்டு என்றால் இரண்டு ஓரத்திலும் நடுக்கம் முட்டிக்கொண்டு கணக்கு கெட்டுவிடும். அதற்கு ஒரு உபாயம் உண்டு, உலகம் முழுக்கச் செய்வதுதான்: துண்டின் கடைசி ஓரத்துக்கு அடுத்து முதல் ஓரம் வருவதாக வைத்துக்கொள்வது. வளையல் மாதிரி, முனையே கிடையாது.

ஒரு கணக்கு ஓடி முடிய நான்கு நாள். நான்கு நாளும் அவள் பட்ட பாடு இருக்கிறதே! கல்லூரியிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமல் போய்த் திரையைப் பார்ப்பாள். எண் ஓடிக்கொண்டிருந்தால் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பாள், ஜுரக்காரக் குழந்தையைத் தொடுவதுபோல. கரண்ட் போய்விட்டால், கம்ப்யூட்டரைத் தாங்கும் பேட்டரி கத்துகிற அந்த இருபது நிமிடம் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பாள். கீழ்வீட்டுத் தறிக்காரர், “இன்னாம்மா, கரண்ட் போனா நீ நடந்தா வந்துடுமா?” என்று கேட்பார். அவளும் சிரிப்பாள், ஆனால் நடப்பதை நிறுத்த மாட்டாள்.

எத்தனை அடுக்கு என்று கம்ப்யூட்டர் நிரல் கேட்கும். துண்டின் நீளம் மாறாது. அதை மூன்றாகப் பிரித்தால் தடித்த அடுக்கு, ஐம்பத்தொன்றாகப் பிரித்தால் மெலிந்த அடுக்கு. அம்சவேணி மூன்று போட்டாள், ஐந்து போட்டாள். ஏழு, ஒன்பது, பதினொன்று, இருபத்தொன்று, ஐம்பத்தொன்று. ஏன் அந்த எண்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. விரல் அப்படித்தான் போயிற்று. நல்ல காரியம் எதையும் ஒற்றைப்படையில் வைத்துப் பழகிய கை. பாஷ்யமும் அதே பழக்கத்தில் வளர்ந்தவர்தானே, அவர் கண்ணிலும் அது உறுத்தவில்லை.

விடை வந்தபோது இருவருக்கும் தலைகால் புரியவில்லை. அடுக்கு கூடக்கூட வெப்பம் குறைந்துகொண்டே வந்து, பதினோரு அடுக்கில் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு ஏறியது. வரைபடத்தில் அழகான பள்ளம். 28 பாதி, 30 பாதி இருந்தும் இப்படி ஒரு பள்ளம் என்று 2002 டிசம்பரில் சென்னையில் ஒரு மாநாட்டில் போய்ச் சொன்னாள். கை தட்டினார்கள். அம்சவேணிக்கு வாழ்நாளில் அவ்வளவு பேர் கை தட்டியது அன்றுதான். கட்டுரை ஒரு பத்திரிகைக்குப் போனது, ஏப்ரலில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஒரு கட்டுரை ஏற்கப்பட்டிருந்தால்தான் ஆய்வேட்டைக் கொடுக்கலாம் என்பது விதி. கட்டுரையும் ஆயிற்று, ஆய்வேடும் தட்டச்சுக்குப் போயிற்று. இனி என்ன, ஜூலையில் கரும்பலகை.

மே மாதம் இரண்டாவது வாரம் வேல்முருகனின் அக்கா ரேணுகாம்பாள் வீட்டில் விசேஷம். அவள் மகள் துளசிக்கு நிச்சயதார்த்தம். மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் பதினோரு வரிசைத் தட்டு கொண்டுவந்து இறக்கினார்கள். பெண்ணை நடுவில் உட்கார வைத்துத் தட்டுகளைச் சுற்றி வட்டமாக வைத்தால் படம் நன்றாக விழும் என்றார் போட்டோக்காரர். பழத்தட்டு ஒன்று, இனிப்புத்தட்டு ஒன்று என்று மாற்றி மாற்றி வைக்கச் சொன்னாள் ரேணுகாம்பாள். சும்மா நிற்க முடியாத அம்சவேணி தானே அந்த வேலையை எடுத்துக்கொண்டாள்.

வைத்து முடித்து நிமிர்ந்தாள். ரேணுகாம்பாளின் குரல் வந்தது.

“யாரும்மா ரெண்டு பழத்தட்ட பக்கத்துல பக்கத்துல வச்சது?”

அம்சவேணி குனிந்து அதில் ஒன்றை ஓர் இனிப்புத்தட்டோடு இடம் மாற்றினாள். இப்போது இரண்டு இனிப்பு சேர்ந்து நின்றது, பழம் வேறொரு இடத்தில் மூன்றாகக் கூடியது. திரும்ப மாற்றினாள். வட்டத்தின் வேறொரு பக்கத்தில் மறுபடி இரண்டு பழத்தட்டு.

“இன்னா வேணி, காலேஜ்ல வேல செய்யறே, பதினோரு தட்டு வைக்கத் தெரியல?”

“வட்டமா வச்சா அப்படித்தான் வரும்க்கா. மொதலும் பழம், கடைசியும் பழம். சுத்தி வந்து ரெண்டும் ஒட்டிக்குது.”

“அப்போ ஒண்ண எடுத்துடேன்.”

“எடுத்தா பத்தாயிடும்.”

“பத்தா! நிச்சயத்துலயா? வாயக் கழுவு மொதல்ல.”

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். அம்சவேணி சிரிக்கவில்லை. அவள் கையில் ஆப்பிள் தட்டு இருந்தது. மொதலும் பழம், கடைசியும் பழம், சுத்தி வந்து ரெண்டும் ஒட்டிக்குது என்று தன் வாயாலேயே சொன்னதைத் தானே கேட்டாள். தட்டைத் துளசியின் மடிக்கருகே வைத்துவிட்டு, செருப்பைத் தேடாமல் மண்டபத்தை விட்டு இறங்கி நடந்தாள். சாப்பிடாமல் போகிறாளே என்று யாரோ கூப்பிட்டது காதில் விழவில்லை.

வீட்டில் நோட்டை எடுத்து எண்ணினாள். பதினோரு அடுக்கில் 28 ஆறு, 30 ஐந்து. வளையலாகச் சேர்க்கும்போது முதல் 28-ம் கடைசி 28-ம் ஒட்டிக்கொண்டு ஒரே தடித்த அடுக்கு. மூன்று அடுக்கில் இன்னும் மோசம்: மூன்றில் இரண்டு பங்கு 28. பாதிக்குப் பாதி என்று கட்டுரையின் மூன்றாவது வரியில் எழுதியிருந்தது பொய். 28 மிகுதியாக இருந்தால் வெப்பம் தாராளமாகப் போகத்தானே செய்யும்? அடுக்கு கூடக்கூட அந்த மிகுதி கரைந்துகொண்டே வரும், வெப்பமும் குறைவதுபோலத் தெரியும். பள்ளத்தில் இறங்குகிற பக்கச் சரிவு சிலிக்கானுடையதாக இல்லாமல் இருக்கலாம். அவளுடையதாக இருக்கலாம்.

வேல்முருகன் கோபத்தோடு வந்தான். வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மேற்பார்வை பார்க்கிறவன், குரல் எப்போதுமே மெஷினுக்கு மேலேதான் எழும்பும்.

“அக்கா மூஞ்சி தொங்கிப்போச்சு. பாதி விசேஷத்துல செருப்பு கூட போடாம ஓடி வந்துட்டே. இன்னா ஆச்சு உனக்கு?”

“தப்பு பண்ணிட்டேங்க. எல்லாத்துலயும் ஒரு அடுக்கு ஜாஸ்தி.”

“ஒரு அடுக்குதானே?”

“அந்த ஒண்ணுதான் எல்லாமே.”

அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். “யாருக்குத் தெரியும்?” என்று கேட்டான். “எனக்கு மட்டும்தான்” என்றாள்.

நியாயமாகச் சொன்னால், அம்சவேணிக்கு முதலில் தோன்றியது மறைத்துவிடலாம் என்பதுதான். அவளை உத்தமியாக்கிப் பேசுவதில் எனக்கு ஆசை இல்லை. கடைசி நாளுக்கு ஏழு வாரம் இருந்தது. இரட்டைப்படையில் ஆறு கணக்காவது திரும்ப ஓட்ட வேண்டும். ஆறு நான்கு இருபத்துநாலு நாள், அதுவும் கரண்ட் தயவு பண்ணினால். கோடையில் அது எப்போது தயவு பண்ணியது? விடை மாறிவிட்டால் கட்டுரை போய்விடும், கட்டுரை போனால் ஆய்வேடு இல்லை. பாஷ்யம் ஜூனோடு ஓய்வு பெறுகிறார், புதிதாகப் பதிந்தாலும் அவர் கிடைக்க மாட்டார். எட்டு வருஷமும் தண்ணீரில் கரைத்த மாதிரி.

அன்றே நான்கு அடுக்கைப் போட்டு ஓடவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பாஷ்யத்திடம் போனாள். பத்திரிகை சரிபார்க்க அனுப்பிய அச்சுப்படியை அவர் திருத்தி முடித்து வைத்திருந்தார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

“ஆறும் அஞ்சும். பெரிய வித்தியாசமா சொல்லு?”

“மூணு அடுக்குல ரெண்டும் ஒண்ணும் சார்.”

“அந்தப் புள்ளிய எடுத்துடு. ஏழுலேர்ந்து காட்டு. யாரும்மா உட்கார்ந்து எண்ணப் போறா? ஆய்வேட்டைக் கொடுத்துடு, பட்டம் வரட்டும். அப்புறம் நிதானமா ஒரு திருத்தம் போட்டுக்கலாம். என்னண்டை கடைசியா இருக்கிறவ நீதான். உன்னை நடுத்தெருவுல விட்டுட்டு நான் ரிடையர் ஆகணுமா?”

அவர் குரலில் கெட்ட எண்ணம் இல்லை, அயர்ச்சி இருந்தது. அதனால்தான் மறுத்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. அச்சுப்படியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தால் முடிந்தது.

சேர்க்கவில்லை. கைப்பையில் வைத்துக்கொண்டு பதினைந்து நாள் அலைந்தாள். தபால் நிலையத்தைத் தாண்டும்போதெல்லாம் பைமேல் கை போகும். பாலாற்றுப் பாலம் வரை நடந்து போய்த் திரும்புவாள். நான்கு அடுக்கு முடிந்தது, ஆறு அடுக்கு முடிந்தது, எட்டு பாதியில் கரண்ட் போய் முதலிலிருந்து ஓடியது. நான்கிலிருந்து ஆறுக்கு வெப்பம் குறையவில்லை, சற்றே ஏறியிருந்தது. இரண்டே புள்ளி, இரண்டு புள்ளியை வைத்து ஒன்றும் சொல்லக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பயமாக இருந்தது.

வைகாசிக் கருட சேவை முடிந்த மூன்றாம் நாள், உச்சி வெயிலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பாஷ்யம் இறங்கினார். எட்டு வருஷத்தில் அவர் அவள் வீட்டுக்கு வந்ததில்லை. மாடிப்படியில் நின்று நின்று ஏறி வந்தார். அம்சவேணி பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

“அச்சுப்படிய அனுப்பிட்டியா?”

“இல்ல சார்.”

“நான் எண்ணிப் பார்த்தேம்மா. நேத்திக்கு உன் அட்டவணையை எடுத்து வச்சிண்டு ஒவ்வொண்ணா எண்ணினேன். இந்த எட்டு வருஷத்துல நான் ஒரு தடவைகூட எண்ணலை. கோட்டைப் பார்த்தேன், நன்னாயிருக்குன்னேன், கையெழுத்துப் போட்டேன். தப்பு உன்னோடது மட்டுமில்லை.” மோரைக் குடித்தார். “இத்தனை நாளா அனுப்பாம ஏன் வச்சிருக்கே?”

“முடியல சார். யார் எண்ணப் போறான்னு கேட்டீங்களே... நான் எண்ணிட்டேனே சார்.”

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். அடக்கி அடக்கி வைத்திருந்தது, அழுகை நிற்கவே இல்லை. பாஷ்யம் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அந்த வித்தை தெரியாது. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜூன் மாதத் தாள் அது.

அன்று மாலையே காந்தி ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனார்கள். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று அம்சவேணி தட்டச்சு செய்தாள். காரணம் என்ற இடத்தில் விரல் நின்றது. அடுக்குகளின் எண்ணிக்கையைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டேன், 28-ம் 30-ம் சரிபாதியாக இல்லை என்று எழுதினாள். தேர்ந்தெடுத்துவிட்டேன் என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று மாற்றச் சொன்னார் பாஷ்யம். மாற்றினாள். அனுப்பினாள்.

ஜூன் முப்பது வந்தது, போனது. பாஷ்யம் ஓய்வு பெற்றார். அவள் பதிவு ரத்தானதாக ஒரு அச்சடித்த கடிதம் வந்தது, பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. ஜூலை முதல் வாரம் கல்லூரியில் விரிவுரையாளர் பதவி லில்லிக்குப் போயிற்று. லில்லி அம்சவேணியிடம் ஆய்வகத்தில் பாடம் கற்றவள், அதற்குள் பட்டம் வாங்கி வந்துவிட்டாள். நல்ல பெண்தான். முதல் வகுப்புக்கு வேண்டிய கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த அம்சவேணியிடம் வந்து தயங்கி நின்றாள்.

“மேடம், உங்க தீசிஸ் ரெடின்னு சொன்னாங்களே, இன்னா ஆச்சு?”

“தப்பா இருந்தது லில்லி. எடுத்துட்டேன்.”

மணி அடித்தது. லில்லி உள்ளே போனாள். கதவுக்கு வெளியே நின்றபோது சாக்பீஸ் கரும்பலகையில் கீச்சிடுவது அம்சவேணிக்குக் கேட்டது. பொறாமை வந்தது, நன்றாகவே வந்தது. அதை அவள் மறைத்துக்கொள்ளவும் இல்லை.

வீட்டில் பெட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. கேட்பார் இல்லை, கொடுக்க இடமில்லை. ஆனாலும் அவள் அதை நிறுத்தவில்லை. “இன்னும் யாருக்காக ஓட்டறே?” என்று வேல்முருகன் ஒரு நாள் கேட்டான். “எனக்குத் தெரியணும்ங்க” என்றாள். அடுத்த வாரம் அவன் மில்லிலிருந்து பழைய லாரி பேட்டரி ஒன்றைத் தூக்கி வந்து, கரண்ட் போனால் நாலு மணி நேரம் தாங்குகிற மாதிரி ஆள் வைத்து இணைத்துக் கொடுத்தான்.

எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது. கடைசிக் கணக்கு ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிந்தது. அம்சவேணி ஆறு புள்ளிகளையும் வரைபடத் தாளில் வைத்தாள். ஒவ்வொரு துண்டிலும் 28-ஐயும் 30-ஐயும் தனித்தனியாக எண்ணி, சரிபாதி என்று உறுதி செய்துகொண்டு கோடு இழுத்தாள். பிறகு பாஷ்யத்துக்குப் போன் போட்டாள்.

“சார், பள்ளம் இல்ல சார்.”

“இல்லையா?”

“எங்கயுமே இல்ல. நாலு அடுக்குலேர்ந்தே மெதுவா ஏறிக்கினே போவுது. இவ்ளோ மெல்லிசா இருக்கறப்போ நடுக்கம் அடுக்க அடுக்கா பாக்கறதில்ல போல இருக்குது சார். மொத்தத்தையும் ஒண்ணாவே எடுத்துக்கினு தாண்டிப் போவுது.”



“அது பள்ளத்தை விடப் பெரிய விஷயமாச்சேம்மா” என்றார் பாஷ்யம். “எழுது.”

“எதுக்கு சார்? எனக்குத்தான் பதிவே இல்லியே.”

“பதிவுக்கா எழுதறே? டிசம்பர்ல கை தட்டினாளே, அவாள்லாம் இன்னும் பள்ளம் இருக்குன்னு நினைச்சிண்டிருக்கா.”

அம்சவேணி போனை வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேலே தன் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே முதல் வரியாக, போன டிசம்பரில் நான் சொன்னது தவறு என்று எழுதிவிட்டு, இரண்டாவது வரியைத் தொடங்கினாள்.